வந்தாச்சுப் பலகை

அந்தப் படத்தைப் பற்றித் தெரிந்துகொள்ளாவிட்டால் உங்களுக்குச் சோறு இறங்காதா? வருகிறவர் போகிறவர் எல்லோரும் இதையே கேட்டால் நான் எப்போது வகுப்பைப் பெருக்குவது, எப்போது குடத்துக்குத் தண்ணீர் பிடிப்பது? உயிரோடு இருக்கிற கிழவி தன் படத்துக்குத் தானே பூ போட்டு மாட்டியிருந்தால், கிறுக்கு என்று நினைத்துக்கொண்டு பேசாமல் போக வேண்டியதுதானே. மரியாதை தெரிந்தவர்கள் அப்படித்தான் போகிறார்கள். சரி, கேட்டுவிட்டீர்கள். உட்காருங்கள். பிள்ளைகளின் நாற்காலியில் மட்டும் வேண்டாம். உடைந்தால் டீச்சர் என்னைத்தான் கேட்பார்.

நான் படித்தது இரண்டாம் வகுப்பு வரை. அதிலும் சாரல் காலத்தைக் கழித்துவிட்டால் ஒன்றரை வகுப்புதான் தேறும். தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் சாலையில், வயலைப் பார்த்து நிற்கிற இந்த இரண்டு அறைப் பள்ளிக்கூடத்தைப் பல வருடமாக நான்தான் திறக்கிறேன், பெருக்குகிறேன், பூட்டுகிறேன். சாவி ஒன்றே ஒன்று. அது என் இடுப்பில் இருக்கும். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

மூன்று வருடத்துக்கு முன்னால் செங்கோட்டையிலிருந்து இந்த டீச்சர் வந்தார். அதுவரைக்கும் எங்கள் சுவரில் பல்லி மட்டும்தான் இருந்தது. இவர் வந்ததும் சுவர் காணாமல் போய்விட்டது. எங்கே திரும்பினாலும் சார்ட். தோலை உரித்து உள்ளே என்ன இருக்கிறது என்று காட்டுகிற ஆள் ஒருவன், பஞ்சில் செய்த மேகம், தீப்பெட்டியில் செய்த ரயில், கையும் காலும் ஆடுகிற அட்டை எலும்புக்கூடு. பேசிப் புரிய வைக்க முடியாததைக் கண்ணால் பார்த்தால் பிள்ளைகள் பிடித்துக்கொள்வார்கள் என்பார். நிஜம்தான். ஒரு பயலுக்கும் 'நுரையீரல்' என்று எழுத வராது. ஆனால் எது எங்கே இருக்கிறது என்று என் முதுகில் தட்டிக் காட்டுவான்.

பொருள் எல்லாவற்றிலும் அதன் பெயரை எழுதி ஒட்டி வைத்தார். கதவில் 'கதவு'. குடத்தில் 'குடம்'. விளக்குமாற்றில்கூட ஒரு சீட்டு. ஒரு நாள் பிள்ளைகள் எனக்குத் தெரியாமல் என் முதுகில் 'ஆச்சி' என்று ஒரு சீட்டை ஒட்டிவிட்டார்கள். நான் அதோடு தென்காசிச் சந்தைக்குப் போய்க் கத்தரிக்காய் வாங்கி, பஸ் ஏறி, வீடு வந்து சேர்ந்தேன். கடைக்காரன் முதல் கண்டக்டர் வரைக்கும் அன்றைக்கு அத்தனை பேரும் என்னை ஆச்சி ஆச்சி என்று வாய் நிறையக் கூப்பிட்டார்கள், வீட்டில் தினமும் என்னோடு மல்லுக்கு நிற்கிற மருமகளைத் தவிர. நம் முகக்களை அப்படி என்று நினைத்துக்கொண்டேன். அந்தச் சீட்டைக் கிழித்துப் போடவில்லை. பெட்டிக்குள் பத்திரமாக வைத்தேன்.

இந்த வருடம் பள்ளிக்கூடம் திறந்ததும் டீச்சர் செய்ததுதான் அந்தப் பலகை. ஆள் உயரத் தெர்மாகோல். இடது பக்கம் ஒரு வீடு வரைந்தார், ஓடு போட்டு, ஒரு ஜன்னல் வைத்து. வலது பக்கம் பள்ளிக்கூடம். இரண்டு பக்கமும் வரிசையாகக் குண்டூசிக் கொக்கிகள். ஒவ்வொரு பிள்ளையின் பாஸ்போர்ட் படத்தையும் ஓர் அட்டையில் ஒட்டி, கீழே பெயர் எழுதி, மேலே செல்லோ டேப்பால் மூடி, நூல் கட்டித் தொங்கவிட்டார். காலையில் வந்ததும் பிள்ளை தன் படத்தை வீட்டிலிருந்து எடுத்துப் பள்ளிக்கூடத்தில் மாட்ட வேண்டும். சாயங்காலம் திரும்ப வீட்டில் மாட்ட வேண்டும். பிள்ளைகள் அதற்கு வந்தாச்சுப் பலகை என்று பெயர் வைத்தார்கள்.

மொத்தம் இருபத்தொரு பிள்ளைகள். தன் பெயரை வாசிக்க அந்தப் பலகைதான் சொல்லிக் கொடுத்தது. கழித்தல் கணக்கும் அதில்தான். பள்ளிக்கூடத்தில் எத்தனை, வீட்டில் எத்தனை என்று டீச்சர் தினமும் கேட்பார், எல்லோரும் சேர்ந்து சொல்வார்கள்.

எனக்கு மட்டும் காலையில் அந்த அறைக்குள் போகச் சங்கடமாக இருக்கும். ஜன்னல் திறக்காத இருட்டில் இருபத்தொரு முகமும் அந்த ஒரு வீட்டுக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டிருக்கும். யாரும் சிரிக்க மாட்டார்கள். பாஸ்போர்ட் படத்தில் யார் சிரிக்கிறார்கள்? என்ன, மேற்பார்வை பலமாக இருக்கே என்று சொல்லிக்கொண்டுதான் பெருக்குவேன். சத்தமாகச் சொல்வேன். பேசாமல் பெருக்க முடியாது.

வீட்டின் ஜன்னலுக்கு நேராகத் தொங்குவது இரண்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தியின் படம். வாய் திறந்து பேச மாட்டாள், ஆனால் பலகைக்கு முதலில் ஓடுகிறவள் அவள்தான். தன் படத்தின் டேப்பை நகத்தால் பிய்த்துக்கொண்டே நிற்பாள். அவள் அம்மா குற்றாலத்தில் ஒரு லாட்ஜில் போர்வை, தலையணை உறை துவைக்கிறவள். மகளை வகுப்பு வாசல் வரை கொண்டுவந்து விட்டு, படத்தை மாற்றி மாட்டுகிறவரை நின்று பார்த்துவிட்டுத்தான் வேலைக்குப் போவாள். மற்ற தாய்மார் அப்படி நிற்பதில்லை. இவள் நிற்பதற்குக் காரணம் இருந்தது. அவளுடைய மூத்த மகளும் இங்கேதான் படித்தாள். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு காய்ச்சலில் போய்விட்டாள். வேறு படம் இல்லாததால் அப்போது பள்ளிக்கூடத்தில் அடையாள அட்டைக்கு எடுத்த படத்தையே பெரிதாக்கி, வீட்டில் பொட்டு வைத்துப் பூ போட்டு மாட்டியிருந்தார்கள். இதெல்லாம் எனக்குத் தெரியும். சாவு வீட்டில் தண்ணீர் எடுத்துக் கொடுத்தவளே நான்தான். அப்படியும் செய்தேன் பாருங்கள்.

சரஸ்வதி பூஜைக்கு முந்தின நாள் டீச்சர் ஊருக்குப் போய்விட்டார். எல்லாவற்றையும் கழுவித் துடைத்துப் பொட்டு வைத்துவிடுங்கள் என்று என்னிடம் சொல்லிப் போனார். எங்கள் பக்கம் அன்றைக்கு எதையும் விடுவதில்லை. ஆட்டுக்கல், மண்வெட்டி, பைக், தையல் மெஷின், எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் உண்டு. நான் கிண்ணத்தில் சந்தனத்தைக் கரைத்துக்கொண்டு ஒரு முனையிலிருந்து தொடங்கினேன். மணிக்கு வைத்தேன், பீரோவுக்கு வைத்தேன், உலக உருண்டைக்கு வைத்தேன், பம்பு செட்டுக்கு வைத்தேன். எலும்புக்கூட்டின் நெற்றியிலும் ஒன்று வைத்தேன், அதற்குக் களை வந்துவிட்டது. கை ஒரு வேகத்தில் போகும்போது நிற்குமா? பலகைக்கு வந்தேன். இருபத்தொரு நெற்றி வரிசையாக இருந்தது. இருபத்தொன்றுக்கும் வைத்துவிட்டேன். குடலையில் ஈரத்தோடு ஒரு முழம் பூ மிச்சம் இருந்தது. கைக்கு எட்டியது ஜன்னலோரப் படம். அதற்குப் போட்டுவிட்டுப் பூட்டிக்கொண்டு வந்தேன்.

எங்கள் ஊரில் படத்துக்குப் பொட்டு வைத்துப் பூ போடுவது இரண்டு பேருக்குத்தான். ஒன்று சாமி. இன்னொன்று செத்தவர்கள். அது எனக்கு அன்றைக்கு உறைக்கவில்லை.

விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறந்த காலையில் மழை. குற்றாலத்தில் அருவி அடிக்கிற இரைச்சல் வகுப்பு வரைக்கும் கேட்டது. டீச்சர் பஸ் கிடைக்காமல் இன்னும் வந்திருக்கவில்லை. அந்தப் பிள்ளைதான் முதலில் வந்தாள். வழக்கம்போல் பலகைக்கு ஓடினாள். கையை நீட்டியவள் அப்படியே நின்றாள். பிறகு வாசலைத் திரும்பிப் பார்த்துச் சொன்னாள்:

"எம்மா, எனக்கும் அக்கா மாதிரி பூ போட்டிருக்கு."

பேசாத பிள்ளை பேசியது அதுதான். குரலில் ஒரு சந்தோஷம்கூட இருந்தது.

அவள் அம்மா நனைந்த காலோடு உள்ளே வந்தாள். வாடிப்போன பூவைப் படத்திலிருந்து எடுத்துத் தரையில் போட்டாள். படத்தை மடியில் செருகிக்கொண்டாள். மகளின் கையைப் பிடித்துக்கொண்டு மழைக்குள் நடந்தாள். நான் விளக்குமாற்றைப் பிடித்தபடி நின்றேன்.

டீச்சர் வந்து பார்த்தார். ஈரத்துணி எடுத்து இருபது நெற்றியையும் துடைத்தார். டேப் ஒட்டியிருந்ததால் சுத்தமாக வந்துவிட்டது. ஆனால் ஜன்னலில், படம் இருந்த இடத்தில், ஒரு சிவப்பு வட்டம் நின்றது. பூவின் ஈரம் குங்குமத்தைக் கரைத்து, அந்தப் பிள்ளை பிய்த்து வைத்திருந்த டேப்பின் வழியே பின்னால் இறங்கி, தெர்மாகோலில் ஊறியிருந்தது. அவ்வளவுதான் விஷயம், பயப்பட ஒன்றுமில்லை. எனக்கே தெரியும். இருந்தாலும் அந்த வட்டம் ஜன்னலுக்குள் சரியாக ஒரு நெற்றி உயரத்தில் இருந்தது.

அன்று சாயங்காலமே பிள்ளைக்குக் காய்ச்சல் என்று கேள்விப்பட்டேன்.

மறுநாள் காலையில் முதல் வேலையாக அந்த வட்டத்தைச் சோப்புப் போட்டுத் துடைத்தேன். போய்விட்டது. அடுத்த நாள் கதவைத் திறந்தால் திரும்ப இருந்தது. மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்தேன். போனது. மறுநாள் வந்தது. ஈரக் காலம், உள்ளே ஊறினது வெளியே கசிகிறது என்று டீச்சர் சொன்னார். சரிதான். ஆனால் கசிகிறது ஏன் கீழே இறங்காமல் அதே இடத்தில், அதே அளவில் வருகிறது? இரண்டு நாளில் வட்டத்தைச் சுற்றி ஒரு மங்கல் படர்ந்தது. படம் தொங்கிய இடம் மட்டும் தூசி படாமல் வெளுப்பாக இருந்தது, அதுவும் மங்கலும் சேர்ந்து தோள் மாதிரி ஒன்று தெரிந்தது. பிள்ளைகள் வீட்டுப் பக்கம் கை வைக்கவே தயங்கினார்கள். படத்தை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு ஓடினார்கள்.

மூன்றாவது நாள் டீச்சர் வழக்கம்போல் கேட்டார், பள்ளிக்கூடத்தில் எத்தனை பேர் என்று. இருபது என்றார்கள். வீட்டில் எத்தனை என்றார்.

"வீட்டுல ஒண்ணு" என்று எல்லோரும் சேர்ந்து சொன்னார்கள்.

வீட்டுப் பக்கம் ஒரு படமும் இல்லை. கொக்கிகள் எல்லாம் காலி. டீச்சர் பலகையைப் பார்த்தார், பிள்ளைகளைப் பார்த்தார். தப்பு என்று சொல்லவில்லை. கரும்பலகையில் இருபதும் ஒன்றும் இருபத்தொன்று என்று எழுதினார். எழுதும்போது சுண்ணாம்புக்கட்டி உடைந்தது.

அன்று மத்தியானமே நான் அந்த வீட்டுக்குப் போனேன். அம்மாக்காரி வாசலில் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தாள். வேலைக்குப் போகவில்லை. கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே மூத்தவளின் படம், பொட்டும் பூவுமாக. அதற்குப் பக்கத்தில் இன்னொரு சின்ன அட்டையைச் சுவரைப் பார்த்துத் திருப்பி மாட்டியிருந்தாள். அதற்குக் கீழே பாயில் பிள்ளை படுத்திருந்தாள். கண்ணைத் திறந்துதான் இருந்தாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

போகிற வழியெல்லாம் சொல்ல நாலு வேடிக்கை யோசித்து வைத்திருந்தேன். தெரியாமல் செய்துவிட்டேன் தாயி என்று மட்டும் சொன்னேன். ஆஸ்பத்திரியில் காட்டினாயா என்று கேட்டேன். காட்டியாச்சு, மாத்திரை கொடுத்திருக்கிறார்கள், சாதாரணக் காய்ச்சல்தான் என்கிறார்கள் என்றாள். மூத்தவளுக்கும் முதலில் அப்படித்தான் சொன்னார்கள் என்றாள். பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாமல் இருந்துவிடாதே, படிப்பு போய்விடும் என்றேன். அவள் சட்டியைக் கவிழ்த்து வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"ஆச்சி, எம் பிள்ளைய அங்கன படமா மாட்டிட்டியள்லா. இனிமே படமே படிக்கட்டும். பிள்ள எங்கிட்ட இருக்கட்டும்."

படம் இங்கே வந்த பிறகும் அதன் கறை அங்கே தினமும் வருகிறது, பிள்ளைகள் அதையும் ஓர் ஆளாக எண்ணுகிறார்கள் என்று சொல்ல முடியுமா? எழுந்து வந்துவிட்டேன்.

வீட்டுக்குப் போகாமல் தென்காசிக்கு பஸ் ஏறினேன். கோயில் வாசல் பக்கம் ஒரு ஸ்டுடியோவுக்குள் போய் உட்கார்ந்தேன். ஸ்டுடியோக்காரப் பையனுக்கு என் நடையைப் பார்த்துச் சிரிப்பு.

"எதுக்கு ஆச்சி படம்? பாஸ்போர்ட்டா?"

"பள்ளிக்கூடத்துல சேரதுக்கு."

"எத்தனாங் கிளாஸு?"

"மூணு. விட்ட எடத்துலருந்து."

சிரியுங்கள் என்றான். வேண்டாம், மற்றவர்கள் யாரும் சிரிக்கவில்லை, நான் மட்டும் சிரித்தால் நன்றாக இருக்காது என்றேன். அவன் கையைக் கட்டிக்கொண்டு என்னைப் பார்த்த பார்வையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

மறுநாள் விடியக்காலம் படத்தை அட்டையில் ஒட்டினேன். என் பெட்டியிலிருந்து 'ஆச்சி' சீட்டை எடுத்து அதற்குக் கீழே ஒட்டினேன். நெற்றியில் சந்தனம் வைத்து அதன் மேல் குங்குமம் வைத்தேன், பெரிதாகவே வைத்தேன். ஒரு முழம் பூ வாங்கி வைத்திருந்தேன், அதைப் போட்டேன். வகுப்பைத் திறந்து, வீட்டு ஜன்னலில் அந்தச் சிவப்பு வட்டத்துக்கு மேலேயே மாட்டினேன். நெற்றியும் வட்டமும் ஒன்றாக நின்றன. மாட்டும்போது முதுகு சில்லிட்டது, பொய் சொல்ல மாட்டேன். பிறகு பிள்ளைகள் செய்கிற மாதிரி அதை எடுத்துப் பள்ளிக்கூடப் பக்கம் மாட்டிவிட்டுப் பெருக்கத் தொடங்கினேன்.

டீச்சர் வந்ததும் முகம் வெளுத்துவிட்டது. இது வேண்டாம் ஆச்சி, எடுத்துவிடுங்கள் என்று கையைப் பிடித்துக்கொண்டார்.

"பிள்ளைக படத்துல தெரியாம வச்சேன் டீச்சர். இதுல தெரிஞ்சுதான் வைக்கேன்" என்றேன்.

பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். ஆச்சி செத்துப்போய்ப் பள்ளிக்கூடம் வந்திருக்கிறாள் என்று ஒரே கூத்து. நானும் கண்ணை உருட்டி, கையை முன்னால் நீட்டிக்கொண்டு துரத்தினேன். அன்றைக்கு வருகையில் இருபதும் ஆச்சியும் என்று சொன்னார்கள். வீட்டில் எத்தனை என்றபோது யாரும் ஒன்று என்று சொல்லவில்லை. ஒருவருமில்லை என்றார்கள். டீச்சர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பிள்ளைகள் போய் வீட்டில் சொல்லாமல் இருப்பார்களா? இரண்டு நாள் கழித்து, சோற்று மணி அடித்த பிறகு அந்த அம்மாக்காரி வந்தாள். தனியாகத்தான் வந்தாள். பலகைக்கு முன்னால் போய் நின்றாள். என் படத்தில் அன்றைய புதுப் பூ இருந்தது, தினமும் மாற்றிக்கொண்டிருந்தேன். அவள் வெகுநேரம் அதைப் பார்த்தாள். எனக்கு உயிரோடு நிற்கும்போதே துக்கம் கேட்க ஆள் வந்த மாதிரி இருந்தது. இப்படிச் செய்யச் சொல்லி உங்களுக்கு யார் சொன்னார்கள் என்று கேட்டாள். யாரும் சொல்லவில்லை என்றேன். பயமாக இல்லையா என்றாள்.

"ஓம் பிள்ளைக்குப் போட்ட பூவ நான் வாங்கிக்கிட்டேன் தாயி. எனக்கு வயசாச்சு, எனக்குப் பொருத்தமாத்தான் இருக்கு. அவளுக்கு அளவு பெருசு."

அவள் உதடு ஒரு பக்கம் இழுத்தது. அது சிரிப்பா என்று எனக்குத் தெரியவில்லை. மடியிலிருந்து மகளின் படத்தை எடுத்தாள். முந்தானையால் ஒரு முறை துடைத்தாள். நெற்றியில் லேசாக ஒரு சிவப்பு மிச்சம் இருந்தது, அது போகவில்லை. காய்ச்சல் விட்டு இரண்டு நாள் ஆகிறது, நான்தான் பள்ளிக்கூடத்துக்கு விடாமல் வைத்திருந்தேன் என்றாள். படத்தை என் கையில் கொடுத்தாள்.

"நாளைக்கு வருவா. நீங்களே நின்னு பாத்துக்கிடுங்க. நான் வாசல்ல நிக்க மாட்டேன்."

நிற்கவும் இல்லை. மறுநாள் பிள்ளை சாலையிலிருந்து தனியாகவே ஓடி வந்தாள். டீச்சர் புது டேப் ஒட்டி வைத்திருந்த படத்தை ஜன்னலுக்குப் பக்கத்துக் கொக்கியிலிருந்து எடுத்தாள், பள்ளிக்கூடத்தில் என் படத்துக்கு அருகில் மாட்டினாள். அன்றைக்குக் கழித்தல் கணக்குச் சரியாக வந்தது. சிவப்பு வட்டமும் அதற்குப் பிறகு வரவில்லை. மழை விட்டுவிட்டது, தெர்மாகோல் காய்ந்துவிட்டது, வேறென்ன.

ஒன்றே ஒன்றுதான் பாக்கி. அந்தப் பிள்ளைக்கு இப்போது வாய் வந்துவிட்டது, என்னைப் போலவே. ஒரு நாள் காலை நான் தண்ணீர் பிடித்துக்கொண்டிருக்கும்போது பின்னால் வந்து நின்று கேட்டாள்:

"ஆச்சி, ஒங்க படம் மட்டும் எப்பமும் பள்ளிக்கூடத்துலயே இருக்கே. நீங்க ராத்திரி வீட்டுக்குப் போறதே இல்லையா?"

நான் தினமும் சாயங்காலம் கடைசி ஆளாக என் படத்தை எடுத்து வீட்டு ஜன்னலில் மாட்டிவிட்டுத்தான் பூட்டுகிறேன். காலையில் நான்தான் திறக்கிறேன். சாவி ஒன்று என்று முதலிலேயே சொன்னேன். ஆனால் யோசித்துப் பார்த்தால், காலையில் அதை நான் மாற்றி மாட்டிய ஞாபகமே இல்லை. மறதி என்று நினைத்து, மறுநாள் இரண்டு தடவை தொட்டுப் பார்த்துவிட்டுப் பூட்டினேன். காலையில் திறந்தபோது அது பள்ளிக்கூடப் பக்கம் தொங்கிக்கொண்டிருந்தது. குரங்கு உள்ளே வந்திருக்கும் என்றார் டீச்சர். வந்திருக்கும். நூலைக் கொக்கியில் நேராக மாட்டத் தெரிந்த குரங்கு. அதற்கப்புறம் நான் அதை மாற்றுவதில்லை. பூவை மட்டும் மாற்றுகிறேன். காலையில் உள்ளே போகும்போது வந்தாச்சா என்று கேட்டுவிட்டுப் பெருக்குகிறேன்.

பக்கத்து வீட்டுக்காரிகள் விடுவார்களா? தண்ணீர்க் குழாயடியில் பிடித்துக்கொண்டார்கள். உயிரோடு இருக்கும்போது எதற்கு ஆச்சி பொட்டும் பூவும் என்று கேட்டார்கள். பிள்ளையின் காய்ச்சலைப் பற்றியோ ஜன்னலில் இருந்த வட்டத்தைப் பற்றியோ நான் மூச்சு விடவில்லை. "நான் போன பெறவு நீங்க ரேஷன் கார்டு படத்தப் பெருசாக்கி மாட்டிருவிய, அதுல எனக்கு மூக்கே கெடயாது, அதான் இப்பமே நல்லதா ஒண்ணு மாட்டி அழகு பாக்கேன்" என்றேன். அந்தப் படம் தானாக நகருகிறதாமே என்று ஒருத்தி மெதுவாகக் கேட்டாள். ஆமா என்றேன்.

"எம் மருமக கூட ராத்திரி இருக்கதுக்கு, பள்ளிக்கூடத்துல அந்த எலும்புக்கூடு கூட இருக்கலாம்னு அது போயிருது."